சீழ் பிடிக்காத புண்

ஆய்வகத்தில் அவளுக்கு உடும்பக்கா என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. பிடித்த பிடியை விடாத குணத்துக்காகக் கொடுத்த பட்டம் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதுவும் பொய்யில்லை. ஆனால் நிஜக் காரணம் அவள் ரத்தம்.

அவள் வேலை என்ன என்று சொன்னால்தான் இது புரியும். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இன்னொரு கண்ணாடித் துண்டு, இரண்டுக்கும் நடுவில் தலைமுடி நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. நம் ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கிற அதே செல்களைக் கீழ்க் கண்ணாடியில் வளர்த்து, பாய் விரித்த மாதிரி பரப்பியிருப்பார்கள். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த வெள்ளையணுக்களை ஒரு பம்பு அந்தச் சந்துக்குள் தள்ளும். உடம்புக்குள் ரத்தம் என்ன வேகத்தில் ஓடுமோ அதே வேகம். உடும்பக்கா நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெள்ளையணு ஓடி வரும், சுவரில் உரசும், உருளும், உருண்டு உருண்டு வேகம் குறையும், பிறகு ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிடும். அத்தனை ஓட்டத்துக்கும் அசைந்து கொடுக்காது. கொஞ்ச நேரத்தில் தட்டையாகி, சுவரில் இடுக்குப் பார்த்து அந்தப் பக்கம் நுழைந்து போய்விடும். ரத்தத்தை விட்டு இறங்கிப் புண் இருக்கிற இடத்துக்குப் போக அதற்கு இருக்கிற ஒரே வழி அதுதான். எத்தனை அணுக்கள் நிற்கின்றன என்று எண்ணுவது உடும்பக்காவின் வேலை. பதினோரு வருஷமாக எண்ணுகிறாள்.

ஒப்பிட்டுப் பார்க்க நோய் நொடி இல்லாத ஒருவரின் ரத்தம் தினமும் வேண்டும். யாரைக் கெஞ்சுவது என்று முதல் நாளே தன் கையை நீட்டிவிட்டாள். அன்று அவளுடைய அணுக்கள் கண்ணாடியில் ஒட்டிய ஒட்டு, கழுவுநீரை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டியும் விடவில்லை. "என்னம்மா இது, உன் உடம்புல ஓடறது ரத்தமா, உடும்பா?" என்று ஆய்வகத் தலைவி சிரித்தார். அதோடு பெயர் நிலைத்துவிட்டது.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை மருத்துவமனைகளிலிருந்து நோயாளிகளின் ரத்தம் வரும். குப்பியின் மேல் எண் மட்டும் இருக்கும். நோயாளியைப் பற்றிய சீட்டு தனி உறையில் வரும். எண்ணி முடித்து, எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் உடும்பக்கா அந்த உறையைப் பிரிப்பாள். முதலிலேயே படித்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும் என்பது அவள் கட்சி. ஆய்வகத்துக்குள் அவள் அவ்வளவு ஜாக்கிரதை.

வீட்டு விஷயத்தில் அப்படியெல்லாம் இல்லை. அவளுக்குக் கூடப் பிறந்தவன் ஒரே தம்பி, லிஃப்ட் மெக்கானிக். அவன் வீட்டில் யாராவது தும்மினால்கூட முதலில் போன் வருவது அக்காவுக்குத்தான். நான் டாக்டர் இல்லை என்று அவள் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு வைத்தியமும் சொல்லிவிடுவாள். கோளாறு அங்கேதான்.

தம்பிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்தபோதே கையில் அடங்காமல் கொழுகொழுவென்று இருந்ததால் பூசணி என்று கூப்பிட்டார்கள். உடும்பக்காவுக்குக் கல்யாணம், குடும்பம் எதுவும் அமையவில்லை; அமையவில்லை என்ற குறையும் இருந்ததில்லை. பூசணியைக் கையில் வாங்கிய அன்று அந்தக் குறை முதல் தடவையாக எட்டிப் பார்த்தது. உடனே அதுவும் தீர்ந்தது. அத்தை என்றால் பாதி அம்மாதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

குழந்தைக்குத் தொப்புள்கொடி விழ நாளாயிற்று. பத்து நாள் போயிற்று, இருபது நாளும் போயிற்று. தம்பி மனைவி தாங்க மாட்டாமல் நாத்தனாரை வரச் சொன்னாள்.

"மாடி வீட்டுக் குழந்தைக்கு ஒன்பதாம் நாளே விழுந்துடுச்சாம் அண்ணி. இவளுக்குப் பாருங்க, சுத்திலும் சிவந்து வேற கிடக்கு."

உடும்பக்கா மூன்று தடவை கை கழுவிக்கொண்டு வந்து, குனிந்து, பக்கத்தில் மெல்ல அழுத்திப் பார்த்தாள். குழந்தை காலை உதைத்துக்கொண்டு அத்தையின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது.

"சீழ் இல்ல, நாத்தம் இல்ல. சுத்தமா இருக்கு."

"எதுக்கும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

"காட்டலாமே. அங்க உட்கார்ந்திருக்கிற நூறு பிள்ளைங்களோட இருமலையும் வாங்கிட்டு வரலாம். பேசாம இரும்மா. உன் பொண்ணுக்கு உன்னை விட்டுப் பிரிய மனசில்ல, அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி மனைவியும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. முப்பத்து நாலாம் நாள் கொடி விழுந்தது. தம்பி போனில் கத்திய கத்தலில் உடும்பக்கா நுண்ணோக்கியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். ஆய்வகத்து நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். "முப்பத்து நாலு நாள் பிடிச்ச பிடியை விடலையே! எங்க வீட்லயும் ஒரு உடும்பு பிறந்திருக்கு" என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டாள்.

மூன்றாம் மாதம் பூசணியின் காதுக்குப் பின்னால் ஒரு புண் வந்தது. இரண்டு வாரமாகியும் ஆறவில்லை. ஓரம் கறுத்து, நடுவில் காய்ந்த குழியாக இருந்தது. தம்பி மனைவி படம் எடுத்து அனுப்பினாள். உடும்பக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சீழ் இல்லை. 'சுத்தமாத்தான் இருக்கு. உலர்ந்தா விழுந்துடும்' என்று பதில் போட்டாள். நாலாம் மாதம் காய்ச்சல் வந்து, தெருமுனை டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

"வெள்ளையணு அறுபத்திரெண்டாயிரம்னு போட்டிருக்கு அண்ணி. பக்கத்துலயே சிவப்புல குறி போட்டிருக்காங்க. இவ்வளவு இருக்கலாமா?"

"ஏதாவது கிருமி வந்திருக்கும். உன் பொண்ணு ஆள் திரட்டுறா. நல்லதுதான்."

"அவ்வளவு ஆள் இருந்தும் புண்ணு ஆறலியே அண்ணி, ஏன்?"

பதினோரு வருஷத்தில் அந்த ஆய்வகத்தில் யாரும் இவ்வளவு நல்ல கேள்வியைக் கேட்டதில்லை. உடும்பக்காவின் காதில் அது விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. "ஆறும், ஆறும்" என்றாள். அன்று பம்பு ரிப்பேர், அவளுக்கு அந்தக் கவலை.

ஐந்தாம் மாதம் குழந்தையின் தொடையிடுக்கில் வந்த புண் இரண்டே நாளில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. குழந்தைகள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். உடும்பக்கா அன்றே போய்ப் பார்த்தாள். பூசணி பூசணியாக இல்லை, கன்னம் வற்றியிருந்தது. மறுநாள் காலை தம்பி போன் செய்தான்.

"ரத்தம் எடுத்துட்டுப் போயிருக்காங்கக்கா. இங்க பார்க்க முடியாதாம், வேற எங்கயோ அனுப்பறாங்களாம்."

"எங்க?"

"டாக்டர் சொன்னாரு, வாயில நுழையல. நீ சாயந்தரம் வா, நீயே கேளு."

பத்தரை மணிக்கு ஆய்வகத்துக்கு ஒரு குப்பி வந்தது. பச்சை மூடி, ஓர் எண், கூட ஓர் உறை. அடியில் கொஞ்சம்போல ரத்தம். ஏதோ குழந்தையுடையது என்று அதிலேயே தெரிந்தது. உடும்பக்கா வழக்கம்போல முதலில் தன் ரத்தத்தை ஓட்டினாள். உருண்டன, நின்றன. பார்வைக்குள் அடங்கிய வட்டத்தில் நாற்பத்து மூன்று. பிறகு குப்பி ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைப் பிரித்தாள். அந்தத் துளி ரத்தத்தில் எங்கிருந்துதான் இத்தனை அணுக்கள் வந்தனவோ என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பம்பை ஓட்டினாள். கூட்டம் கூட்டமாக வந்தன, சுவரில் உரசின, உருண்டன. இதோ வேகம் குறைகிறது, இதோ நிற்கப் போகிறது என்று அவள் விரல் எண்ணும் பொத்தானின் மேல் காத்திருந்தது. நிற்கவில்லை. உருண்டபடியே வட்டத்தின் மறு ஓரத்தைத் தாண்டிப் போயிற்று. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒவ்வொன்றும் நிற்கிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு நழுவியது. பத்து இடங்களில் பார்த்தாள். பத்திலும் பூஜ்யம். "ஐயோ பாவம், யார் பெத்த பிள்ளையோ" என்று வாய்விட்டே சொன்னாள். பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உறையைப் பிரித்தாள்.

பெண் குழந்தை. ஐந்து மாதம். தொப்புள்கொடி விழுந்தது முப்பத்து நான்காம் நாள். தொப்புளைச் சுற்றிச் சிவப்பு. காதின் பின்னும் தொடையிடுக்கிலும் ஆறாத புண். எதிலும் சீழ் இல்லை. 'சீழ் இல்லை' என்பதன் கீழே டாக்டர் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார்.

உடும்பக்கா நாள்காட்டியைப் பார்த்தாள். புரட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் பக்கங்களைப் புரட்டி அந்த வட்டம் வரைக்கும் போய்ப் பார்த்தாள். உடனே மருத்துவமனைக்குப் போன் செய்தாள்.

"ரத்தத்தை எந்தக் குப்பியில எடுத்தீங்க?"

"பச்சை மூடியிலதாங்க" என்றாள் நர்ஸ்.

"முதல்ல ஊதா மூடியில எடுத்துட்டு அப்புறம் இதுல மாத்தினீங்களா?"

"இல்லீங்களே, நான்தான் எடுத்தேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. அவசரத்துல கை மாறியிருக்கும். யாரும் உன்னைத் திட்ட மாட்டாங்க."

ஊதா மூடிக் குப்பியில் இருக்கிற மருந்து, ரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அதில் எடுத்தால் உடும்பக்காவின் ரத்தம்கூட ஒட்டாது. ஆனால் அந்த மருந்து பட்ட அணுக்கள் உருளக்கூட மாட்டா. வந்த வேகத்தில் ஓடியே போய்விடும். இவை உருண்டன. உருண்டும் நிற்காமல் போவது ஒரே ஒரு நோயில்தான். பிறவியிலேயே அணுவின் மேல் பற்றிக்கொள்ளும் கொக்கி இல்லாமல் பிறக்கிற நோய். வேலையில் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் வாரமே உடும்பக்கா ஒப்பிக்கிற பாடம் இது. தெரிந்துகொண்டேதான் அந்த நர்ஸிடம் மூன்று தடவை கேட்டாள். மூன்றாம் தடவை கெஞ்சினாள்.

அன்று மாலை மருத்துவமனை நடைபாதையில், பிளாஸ்டிக் நாற்காலிகளில், தம்பிக்கும் அவன் மனைவிக்கும் டாக்டர் விளக்கினார். அவர் போன பிறகு இரண்டு பேரும் உடும்பக்காவைப் பார்த்தார்கள். டாக்டர் சொன்னது தமிழில்தான், ஆனாலும் அக்கா சொன்னால்தான் அவர்களுக்கு விளங்கும். அவள் சொன்னாள். தம்பி முழுதும் காது கொடுத்துவிட்டுக் கேட்டான்.

"அப்போ லிஃப்ட்டுக்குள்ள ஆளுங்க நெருக்கியடிச்சுட்டு நிக்கறாங்க. எந்த மாடி வந்தாலும் வேகம் குறையுது, ஆனா நிக்க மாட்டேங்குது. கதவு திறக்கல. யாரும் இறங்க முடியல. அப்படித்தானே?"

"அப்படித்தான்டா."

"அதான் உள்ள அறுபத்திரெண்டாயிரம் பேரா?"

"ஆமா."

"பிரேக்கை மாத்திட முடியாதா?"

"மாத்தலாம். எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜையை மாத்தணும். அதுக்கு முன்னாடி இந்தப் புண்ணும் காய்ச்சலும் அடங்கணும்."

தம்பி மனைவி குழந்தையின் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"சீழ்னா என்ன அண்ணி?"

"அந்த வெள்ளையணுதாம்மா. ரத்தத்தை விட்டு வெளிய வந்து, கிருமியோட சண்டை போட்டுச் செத்தது."

"அப்போ சீழ் வரலைன்னா..."

அவள் முடிக்கவில்லை. துணியை மடித்த கை நின்றது. நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தாள். திட்டினால் தேவலை, ஓர் அறை விட்டால் இன்னும் தேவலை என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல உடும்பக்கா வாயைத் திறந்தாள். தம்பி அதற்குள், "என் மஜ்ஜையை எடுத்துக்கச் சொல்லுக்கா, இன்னிக்கே எடுக்கச் சொல்லு" என்று அவள் கையைப் பிடித்தான். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தம்பி மனைவி அவளை அண்ணி என்று கூப்பிடவில்லை. "அவங்களைச் சாப்பிடச் சொல்லுங்க", "அவங்களை வீட்டுக்குப் போகச் சொல்லுங்க" என்று எல்லாம் புருஷன் வழியாகவே போயிற்று. தம்பி களைப்பில் இதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டான். அவனுக்கு அக்கா தப்புச் செய்வாள் என்பதே தெரியாது.

மஜ்ஜைப் பொருத்தம் பார்த்தார்கள். உடும்பக்காவுடையது சேரவில்லை. தம்பியுடையது பாதி சேர்ந்தது. பாதியே போதும், செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். ஆனால் புண் உள்ளே ஆழமாக இறங்கிக்கொண்டிருந்தது. எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. அப்போது டாக்டர் இன்னொரு வழி சொன்னார். நல்ல உடம்பிலிருந்து வெள்ளையணுக்களை மட்டும் பிரித்தெடுத்துக் குழந்தைக்கு ஏற்றலாம். ஒரு நாளைக்குமேல் தாங்காது. ஆனால் அந்த ஒரு நாளில் அவை வேலை செய்யும். மஜ்ஜை கொடுக்கப் போகிற அப்பா இதைக் கொடுக்கக் கூடாது. அம்மாவின் ரத்தப் பிரிவு சேராது.

"என்னோடது சேரும்" என்று உடும்பக்கா எழுந்தே விட்டாள். "என் அணு எப்படி ஒட்டும்னு எங்க ஆய்வகத்துல கேட்டுப் பாருங்க டாக்டர். பதினோரு வருஷக் கணக்கு இருக்கு."

எடுப்பதற்கு முந்தின நாள், அணுக்கள் பெருக ஓர் ஊசி போட்டார்கள். அவள் எலும்பெல்லாம் குடைந்தது. மறுநாள் காலை இரண்டு கையிலும் ஊசி குத்தி, ஒரு கையிலிருந்து எடுத்த ரத்தத்தை இயந்திரத்தில் சுற்றி, வெள்ளையணுவை மட்டும் பிடித்துக்கொண்டு, மீதியை அடுத்த கை வழியாக உள்ளே விட்டார்கள். மூன்று மணி நேரம் மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாது. பையில் சேர்ந்த மங்கலான திரவத்தை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். போய் ஒட்டுங்கடி, அவ சின்னக் குழந்தை, நல்லாப் பிடிச்சுக்குங்க என்று மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினாள். எண்ண முடியாத அளவு இருந்தன என்பது அவளுக்குத் தெரியும்.

இரண்டாம் தடவை ஏற்றியதற்கு மறுநாள் காலை, அவள் ஊசி குத்திய கையை மடக்கிப் பிடித்தபடி படியேறி வரும்போது, நடைபாதையின் அந்தக் கோடியிலிருந்து தம்பி மனைவி ஓடி வந்தாள். தலை கலைந்திருந்தது, ஒரு காலில் செருப்பில்லை.

"அண்ணி! சீழ்! சீழ் வச்சிருக்கு அண்ணி!"

நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த மற்றப் பெற்றோர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிள்ளைக்குப் புண் சீழ் பிடித்ததற்கு இப்படிக் கூத்தாடுகிற தாயை அவர்கள் பார்த்ததில்லை. இவர்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். உள்ளே போய்ப் பார்த்தார்கள். புண்ணின் ஓரத்தில், பஞ்சில் ஒற்றி எடுக்கிற அளவுக்கு, மஞ்சளும் வெள்ளையுமாக ஈரம். நர்ஸ் துடைக்க வந்தபோது தம்பி, "ஒரு நிமிஷம் இருங்க" என்று கெஞ்சி, போனில் படம் எடுத்துக்கொண்டான். பூசணி அத்தையின் மூக்குக் கண்ணாடியைப் பார்த்துக் கையை நீட்டியது. பத்து நாளில் அது கையை நீட்டியது அன்றுதான்.

அன்றும் மறுநாளும் அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அப்புறம் நுரையீரலில் பூஞ்சை இறங்கியது. உடும்பக்கா மூன்றாம் தடவை கொடுத்தாள், நாலாம் தடவையும் கொடுத்தாள். ஐந்தாவது தடவைக்கு டாக்டர் சம்மதிக்கவில்லை. உங்கள் உடம்பு தாங்காது, இடைவெளி வேண்டும் என்றார். "எனக்கென்ன டாக்டர், நான் உடும்பு" என்று அவள் வாதாடியது அந்த நடைபாதையில் யாருக்கும் விளங்கவில்லை. தம்பியோடு வேலை செய்கிறவர்களில் இரண்டு பேர் வந்து கொடுத்தார்கள். அணுக்கள் போயின, ஒட்டின, இறங்கின, தம்மால் முடிந்ததைச் செய்துவிட்டு ஒரு நாளில் செத்தன. கிருமிக்கு ஒரு நாள் கணக்கெல்லாம் இல்லை. ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் வரை வந்திருந்தபோது, பூசணி அம்மாவின் மடியிலேயே மூச்சை நிறுத்திக்கொண்டது.

ஆறு நாள் கழித்து உடும்பக்கா தம்பி வீட்டுக்குப் போனாள். அதற்கு முன் தினமும் கிளம்பி, செருப்பு மாட்டி, கழற்றி வைத்துவிட்டிருந்தாள். போன அன்று தம்பி வீட்டில் இல்லை. ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே ஒரு பெண் மாட்டிக்கொண்டாளாம், வேறு ஆள் கிடைக்காமல் இவனைக் கூப்பிட்டார்களாம். தம்பி மனைவி கதவைத் திறந்துவிட்டு, உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

கூடத்தில் எல்லாம் அப்படியே இருந்தது. அலமாரியின் நடுத்தட்டில் பஞ்சுச் சுருள், உப்புநீர்ப் புட்டி, சின்னக் கத்தரிக்கோல், மடித்த மெல்லிய துணிகள். புண்ணைத் துடைக்க மூன்று வேளையும் எடுத்த சாமான்கள்.

தண்ணீரை வாங்கக் கையை நீட்டியபோது உடும்பக்காவின் முழங்கை மடிப்பு தெரிந்தது. கடைசியாக ஊசி குத்திய இடம். இரண்டு நாளாகவே அது வலித்தது, அவள் கண்டுகொள்ளவில்லை. இப்போது சிவந்து வீங்கி, நடுவில் உளுந்து அளவுக்கு வெள்ளையாக முனை கட்டி, பளபளவென்று நின்றது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். ஒரு சின்ன ஊசித் துளை. அதற்கே அவள் உடம்பு கேட்காமலே ஆளை அனுப்பி, நிறுத்தி, இறக்கி, வேலையை முடித்து வைத்திருந்தது. உடும்பக்காவுக்கு அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. சட்டென்று புடவைத் தலைப்பால் மூடினாள்.

தம்பி மனைவி தலைப்பை விலக்கினாள். டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். அலமாரியிலிருந்து பஞ்சையும் உப்புநீரையும் எடுத்துவந்து, எதிரில் தரையில் உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா, நானே பார்த்துக்கறேன்."

தம்பி மனைவி பஞ்சை நனைத்து ஓரத்தில் ஒற்றினாள். தோல் விட்டது, சீழ் வந்தது. ஒரு பஞ்சு, இன்னொரு பஞ்சு. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள்.

உடும்பக்காவால் அதற்குமேல் முடியவில்லை. "அன்னிக்கே டாக்டர்கிட்ட போலாம்னு நீ சொன்னே. நான்தான் தடுத்தேன். மூணு தடவை பார்த்தேன். மூணு தடவையும் பயப்பட ஒண்ணுமில்லன்னு நான்தான் சொன்னேன். நாலு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா..."

தம்பி மனைவி பஞ்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா" என்றாள். "நீங்கதான் சொன்னீங்க."

இன்னொரு துண்டுப் பஞ்சைப் பிய்த்து நனைத்தாள். எரிச்சலில் உடும்பக்காவின் கை லேசாக இழுத்தது. தம்பி மனைவி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, வாயைக் குவித்துப் புண்ணின் மேல் மெல்ல ஊதினாள்.

"அவ்வளவுதான்டா, அவ்வளவுதான்" என்றாள், ஐந்து மாதப் பழக்கத்தில். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஊதுவதை நிறுத்தினாள். ஆனால் கையை விடவில்லை.